வெறுப்பை அளக்கும் வெப்பமானி

1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அமெரிக்க மக்களின் அரசியல் மனப்பாங்கை ஆராய்ந்த அறிஞர் இருவர் தம் வினாத்தாளில் சற்று விந்தையான ஒரு கேள்வியையும் சேர்த்திருந்தனர். உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரை மணந்துகொண்டால் உங்களுக்கு அது மனக்குறையாக இருக்குமா என்பதே அக்கேள்வி. குடியரசுக் கட்சியினரில் நூற்றுக்கு 5 பேரும், ஜனநாயகக் கட்சியினரில் நூற்றுக்கு 4 பேருமே ‘ஆம்’ என்றனர். மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 2010-இல் ஏறத்தாழ இதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது. இம்முறை வருந்துவோம் என்றவர்கள் குடியரசுக் கட்சியில் 49 விழுக்காடு. ஜனநாயகக் கட்சியில் 33 விழுக்காடு.

இதன் பக்கத்திலேயே இன்னொரு திருமணக் கேள்வியையும் வைத்துப் பாருங்கள். வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று காலப் என்னும் கருத்துக் கணிப்பு நிறுவனம் 1958-இல் கேட்டபோது, ஏற்பதாகச் சொன்னவர்கள் 4 விழுக்காட்டினர் மட்டுமே. அன்று பல மாநிலங்களில் அத்தகைய திருமணம் சட்டப்படி குற்றம். 1967-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லா என்று தீர்ப்பளித்த நாளில்கூட 16 மாநிலங்களில் அவை நடைமுறையில் இருந்தன. 2021-இல் அதே நிறுவனம் அதே பொருளைப் பற்றிக் கேட்டபோது ஏற்றவர்கள் 94 விழுக்காடு!

ஒரே நாடு, பெரும்பாலும் ஒரே தலைமுறைகள். நூற்றாண்டுக் கணக்கில் நின்ற ஒரு சுவர் அவர்கள் மனத்தில் சரிந்திருக்கிறது. முன்பு இல்லாத வேறொரு சுவர் அதே மனத்தில் எழுந்திருக்கிறது. அமெரிக்கச் சமுதாயம் முன்னேறுகிறதா, பின்னேறுகிறதா என்று ஒற்றை வரியில் விடை கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 2025 செப்டம்பரில் அந்நாட்டில் அரசியல் பேச்சாளர் ஒருவர் பல்கலைக்கழக வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்த வாரம், வெப்பவியல் வகுப்பின் நடுவே மாணவர் ஒருவர் எழுந்து, “சார், அங்கே உள்நாட்டுப் போர் வருமா?” என்று கேட்டார். நான் உடனே ஒரு விடை சொன்னேன். வகுப்பு அதை வெகுவாக ரசித்தது. பின்னர் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது, என் விடை தவறு என்று தெரிந்தது. அந்தத் தவற்றிலிருந்து நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாதரசம் இல்லாத வெப்பமானி

முதலில் கருவியைப் பார்ப்போம். அமெரிக்காவில் தேர்தல்தோறும் வாக்காளர் மனநிலையை ஆராயும் பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்று 1948 முதல் நடந்து வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய அத்திட்டத்தில், 1964-இல் ஒரு புதிய உத்தி புகுத்தப்பட்டது. அதற்கு ‘உணர்ச்சி வெப்பமானி’ என்றே பெயர் வைத்தார்கள். 0 முதல் 100 பாகை வரை குறித்த ஒரு வெப்பமானிப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தலைவரையோ கூட்டத்தையோ பற்றி உங்கள் உள்ளம் எத்தனை பாகை காட்டுகிறது என்று சொல்ல வேண்டும். மிகுந்த அன்பு என்றால் 100. கடும் வெறுப்பு என்றால் 0. விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை என்றால் 50.

இதைக் கேட்டவுடன் சிரிப்பு வருவது இயல்பே. ஆய்வுக்கூடத்து வெப்பமானிக்குக் கீழ்நிலையும் மேல்நிலையும் உண்டு. உருகும் பனிக்கட்டியில் வைத்து ஒன்றையும், கொதிநீரின் ஆவியில் வைத்து மற்றொன்றையும் குறிக்கிறோம். மனித உள்ளத்தை எந்தப் பனிக்கட்டியில் வைப்பது? ஒருவர் எல்லோருக்கும் தாராளமாக 80, 90 என்று வாரி வழங்குவார். இன்னொருவர் தம் அண்ணனுக்கே 55-க்கு மேல் கொடுக்க மாட்டார். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு சுழிப்பிழை!

ஆயினும் திருகு அளவியில் நாம் செய்வதைப் போன்ற ஓர் உபாயம் இங்கும் உண்டு. ஒருவர் தம் சொந்தக் கட்சிக்குக் கொடுக்கும் பாகையிலிருந்து, அவரே எதிர்க்கட்சிக்குக் கொடுக்கும் பாகையைக் கழித்துவிட்டால் போதும். இரு அளவீட்டிலும் இருக்கும் பொதுப்பிழையில் பெரும்பகுதி கழிந்துபோகும். எஞ்சுவது வேறுபாடு மட்டும். இரு கட்சிகளைப் பற்றியும் இவ்வாறு கேட்பது 1978-இல் தொடங்கியது. அவ்வாண்டில் இந்த வேறுபாட்டின் சராசரி சுமார் 27 பாகை. 2020-இல் அது சுமார் 56 பாகை. நாற்பத்திரண்டு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல்!

இந்த எண்ணுக்குள் புகுந்து பார்த்தால் மேலும் ஒன்று புலப்படுகிறது. சொந்தக் கட்சியின் மீதுள்ள அன்பு கூடவில்லை. அது எழுபதை ஒட்டியே ஊசலாடுகிறது. மாறியது மற்றொன்றுதான். எதிர்க்கட்சிக்குக் கிடைத்த வெப்பம் 48 பாகையை ஒட்டி இருந்தது, 20 பாகையை ஒட்டிச் சரிந்துவிட்டது. 48 என்பது ஏறக்குறைய ‘எனக்கென்ன’ என்னும் நிலை. 20 என்பது அப்படியன்று.

பன்னிரண்டு நாடுகளில் இதே வகை அளவீடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, இந்த வேறுபாடு மிக வேகமாக வளர்ந்தது அமெரிக்காவில்தான் என்று காட்டியது. ஜெர்மனி, சுவீடன், நார்வே போன்ற நாடுகளில் அது குறைந்திருந்தது. இணையம் எல்லா நாடுகளுக்கும்தான் வந்தது. ஆகவே இணையத்தின் மேல் முழுப் பழியையும் போடுவது கடினம். போதாக்குறைக்கு, அமெரிக்காவிலேயே இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்திய முதியோரிடம்தான் இந்தப் பிளவு அதிகம் வளர்ந்தது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. காரணத்தை வேறிடத்திலும் தேட வேண்டும்.

ஓர் இரும்பாணியின் கதை

சாதாரண இரும்பாணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது காந்தமன்று, குண்டூசியை ஈர்க்காது. ஆனால் அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு பகுதிகள் உள்ளன. டொமைன்கள் என்று அவற்றைச் சொல்வர். வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு டொமைனும் ஏற்கெனவே முழுமையான காந்தம்! ஒன்று கிழக்கு நோக்கியிருக்கும், ஒன்று தெற்கு நோக்கியிருக்கும், ஒன்று எதிர்த்திசையில் கிடக்கும். ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஆணியைக் காந்தமாக்கும்போது நாம் புதிதாக எதையும் உள்ளே ஊற்றுவதில்லை. சிதறிக் கிடந்த திசைகள் ஒன்றுபடுகின்றன, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கட்சிகளில் நடந்ததில் பெரும்பகுதி இத்தகையதே என்பது என் கருத்து. 1950-இல் அந்நாட்டின் அரசியலறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் கண்ட குறை என்ன தெரியுமா? இரு கட்சிகளும் தமக்குள் தெளிவான வேறுபாடின்றி இருக்கின்றன, வாக்காளருக்கு உண்மையான தேர்வு இல்லை என்பதுதான்! கட்சிகள் வேறுபட வேண்டும் என்று அறிஞர்கள் ஏங்கிய காலமும் ஒன்று இருந்திருக்கிறது.

1964-இல் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடியுரிமைச் சட்டம் செனட் சபையில் 73-க்கு 27 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அந்த வாக்குகளைக் கட்சிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியில் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியில் 27 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தென்மாநிலத்தவர். அந்நாட்டின் மிகக் கூர்மையான பிளவு, கட்சிகளுக்கு இடையே ஓடாமல், கட்சிகளுக்கு உள்ளேயே ஓடியது. டொமைன்கள் சிதறிக் கிடந்தன.

அச்சட்டத்துக்குப் பின் அவை மெல்லத் திரும்பத் தொடங்கின. தென்மாநில வெள்ளையர் தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்குச் சென்றனர். கறுப்பின மக்கள் பெருவாரியாக ஜனநாயகக் கட்சியின் பக்கம் நின்றனர். பின்னர், தவறாமல் தேவாலயம் செல்லும் வெள்ளையர் ஒரு பக்கமும் செல்லாதவர் மறுபக்கமும் ஒதுங்கினர். அதன்பின் நாட்டுப்புறமும் நகரமும் பிரிந்தன. கல்லூரிப் பட்டமும் ஒரு கோடாயிற்று. கருத்துகள் அவ்வளவாக மாறாமலேயே, மக்கள் அடுக்கி வைக்கப்பட்டனர். முன்பு ஒருவர் எந்தக் கட்சி என்று தெரிந்தால் அவருடைய கட்சி மட்டுமே தெரியும். இன்று அவர் இனம், வழிபாடு, ஊர், படிப்பு எல்லாவற்றையும் ஊகிக்கலாம் என்று தோன்றுகிறது.

‘தோன்றுகிறது’ என்று சொன்னதைக் கவனியுங்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்க்கட்சியைப் பற்றி மட்டுமல்லாமல் தம் கட்சியைப் பற்றியும் மக்கள் எவ்வளவு தவறாக மதிப்பிடுகிறார்கள் என்று காட்டினார்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் குடியரசுக் கட்சியில் 38 விழுக்காடு என்று மக்கள் சராசரியாக மதிப்பிட்டனர். உண்மை 2 விழுக்காடு. ஒருபால் ஈர்ப்பினர், திருநர் ஆகியோர் ஜனநாயகக் கட்சியில் 32 விழுக்காடு என்று மதிப்பிட்டனர். உண்மை 6 விழுக்காடு. மனத்திலுள்ள எதிரி, தெருவில் நடமாடும் எதிரி அல்லன்.

வீட்டிலே செய்து பார்க்க ஒரு சோதனை. சதுரங்கப் பலகை ஒன்றும், 20 புளியங்கொட்டைகளும், 20 சோழிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கண்டபடி கட்டங்களில் வையுங்கள். 24 கட்டங்கள் காலியாக இருக்கும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இருக்கும் காய்களுள் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் ஒரு காய் மனநிறைவுடன் இருக்கும். இல்லையேல், அருகில் தனக்குப் பிடித்தமான காலி இடத்துக்குப் பெயரும். விதி இவ்வளவே. மூன்றில் இரண்டு பங்கு வேற்றினத்தாருடன் வாழ ஒவ்வொரு காயும் ஆயத்தமாகவே இருக்கிறது. வெறுப்பு என்பதே இல்லை. எல்லாக் காய்களும் அமைதியடையும் வரை நகர்த்திவிட்டுப் பலகையைப் பாருங்கள். புளியங்கொட்டைகள் ஒரு புறமும் சோழிகள் ஒரு புறமுமாகத் திட்டுத்திட்டாய் ஒதுங்கியிருக்கும். அமெரிக்க நகரங்களில் இனவாரியாகக் குடியிருப்புகள் பிரிவதை விளக்க, தாமஸ் ஷெல்லிங் என்னும் பொருளியல் அறிஞர் 1971-இல் நாணயங்களைக் கொண்டு விளக்கிய விளையாட்டு இது. 2005-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். தனி மனிதனின் மென்மையான விருப்பமும் மொத்தக் கூட்டத்தின் கடுமையான பிரிவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் எனக்குத் தெரியாது.

இரும்பாணி உவமையை அதிகம் நீட்டக்கூடாது. ஆணியைச் சிவக்கக் காய்ச்சினால் காந்தத்தன்மை போய்விடும். சமுதாயத்தைக் காய்ச்ச எவரும் விரும்பமாட்டார்.

மருமகன் கேள்விக்கு மீண்டும் வருவோம். 2018-இல் வேறொரு குழுவினர், அக்கேள்வியில் ஒரு சிறு தகவலைச் சேர்த்துக் கேட்டனர். வரப்போகும் மருமகன் எதிர்க்கட்சிக்காரர். ஆனால் அரசியலைப் பற்றி அரிதாகவே பேசுவார். அவ்வளவுதான். வருத்தப்படுவோரின் தொகை சட்டென்று குறைந்துவிட்டது! எதிர்க்கட்சிக்காரரை விட, ஓயாமல் அரசியல் பேசும் மருமகனைத்தான் பலருக்குப் பிடிக்கவில்லை. ‘எதிர்க்கட்சி’ என்று கேட்டவுடன் அவர்கள் மனக்கண்ணில் தோன்றியவர், மேடையில் கூச்சலிடும் ஒருவர் போலும். ஆகவே நம் வெப்பமானி எந்தப் பாத்திரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

நான் சொன்ன தவறான விடை

இனி வன்முறைக்கு வருவோம். அமெரிக்காவுக்கு அரசியல் வன்முறை புதிதன்று. 1954-இல் பிரதிநிதிகள் சபைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து உறுப்பினர்கள் காயமுற்றனர். 1963-இல் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். அதே ஆண்டில் கென்னடி கொல்லப்பட்டார். 1968-இல் இரு மாத இடைவெளியில் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டு இறந்தனர். 1971-இல் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே இடதுசாரித் தீவிரவாதிகள் குண்டு வைத்தனர். 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்று தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தனர். அவர்களுள் 19 பேர் குழந்தைகள். அண்மைக் காலத்திலும் பட்டியல் நீளுகிறது. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேர். 2018-இல் பிட்ஸ்பர்க் யூதர் கோயிலில் பதினொருவர். 2019-இல் எல் பாசோ நகரில் 23 பேர். 2022-இல் பஃபலோ நகரில் பத்துப் பேர். 2017-இல் பேஸ்பால் பயிற்சியில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சுடப்பட்டனர். 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் முடிவை ஏற்காத கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துள் புகுந்தது. சுமார் 140 காவலர்கள் காயமுற்றனர். 2024 ஜூலையில் டிரம்பின் மீது குண்டு பாய்ந்தது. 2025 ஜூனில் மின்னசோட்டா மாநில ஜனநாயகக் கட்சித் தலைவர் மெலிசா ஹார்ட்மனும் அவர் கணவரும் தம் வீட்டில் கொல்லப்பட்டனர். செப்டம்பரில் யூட்டா மாநிலத்தில் சார்லி கிர்க் கொல்லப்பட்டார்.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குண்டு வைத்தோருள் இடதுசாரிக் குழுக்கள் முன்னின்றன. 1990-களுக்குப் பின் உள்நாட்டு அரசியல் கொலைகளில் பெரும்பங்கு வலதுசாரித் தீவிரவாதிகளால் நேர்ந்தது. இறந்தோர் இரு பக்கத்திலும் உண்டு.

வகுப்பில் நான் சொன்ன விடை இதுதான். ஒரு கிண்ணத்து நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அது கொதிக்கவில்லை, ஆயினும் ஆவியாகிறது. ஏன்? மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மாக்ஸ்வெல் காட்டியபடி, பெரும்பாலானவை நடுத்தர வேகத்தில் செல்லும்; மிகச் சில மட்டும் மிகு வேகத்தில் சென்று நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியேறும். வெப்பநிலை சிறிது கூடினால் அந்தச் ‘சில’ வெகுவாகக் கூடும். 20 பாகை செல்சியசில் நீராவியின் அழுத்தம் 17.5 பாதரச மில்லிமீட்டர். 30 பாகையில் 31.8. கெல்வின் அளவில் வெப்பநிலை கூடியது நூற்றுக்கு மூன்றரைதான். அழுத்தம் கூடியதோ நூற்றுக்கு எண்பது! “அதுபோல், அமெரிக்கரின் சராசரி வெறுப்பு சிறிது உயர்ந்தால் போதும், பரவலின் ஓரத்திலுள்ள வன்முறையாளர் பன்மடங்கு பெருகுவர்” என்றேன்.

அழகான விளக்கம். ஆனால் உவமை அழகாக இருப்பதாலேயே உண்மையாகிவிடாது. உண்மையா என்று சோதிக்க வழி உண்டு. வெப்பத்தைக் குறைத்துப் பார்த்து, ஆவியாதல் குறைகிறதா என்று காண வேண்டும். அமெரிக்க அறிஞர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். எதிர்க்கட்சியின் மீதுள்ள வெறுப்பைச் சோதனைமுறையில் தணித்தார்கள். வெப்பமானியின் அளவு உயர்ந்தது. ஆனால் ஜனநாயகத்துக்கு ஒவ்வாத செயல்களை ஏற்கும் மனப்பாங்கு அதனுடன் சேர்ந்து குறையவில்லை. 2022-இல் வெளியான இந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. 2024-இல் 32,059 பேரைக் கொண்டு, 25 வகையான முயற்சிகளை ஒரே நேரத்தில் ஒப்பிட்ட மாபெரும் சோதனை ஒன்றின் முடிவும் வெளிவந்தது. வெறுப்பை அதிகம் தணித்தவை ஒரு வகை: எதிர்க்கட்சியைச் சேர்ந்த பரிவுக்குரிய மனிதர்களை அறிமுகப்படுத்துதல், இருவருக்கும் பொதுவான அடையாளத்தை நினைவூட்டுதல் போன்றவை. ஜனநாயகத்துக்கு ஒவ்வாத செயல்களுக்கான ஆதரவை அதிகம் குறைத்தவை வேறு வகை: எதிர்ப்பக்கத்தாரைப் பற்றிய தவறான எண்ணத்தைத் திருத்துதல், ஜனநாயகம் குலைந்தால் நேரும் கேட்டைக் காட்டுதல் போன்றவை.

அதாவது வெறுப்பும், வன்முறைக்கான ஒப்புதலும் ஒரே வெப்பநிலையின் இரு விளைவுகள் அல்ல. அவை இரு வேறு அளவுகள். என் கிண்ணத்து நீர் இங்கே பொருந்தவில்லை.

மீச்சிற்றளவுக்குக் கீழே

அப்படியானால் வன்முறையை ஆதரிப்போர் எத்தனை பேர்? கருத்துக் கணிப்பில் நேரே கேட்டுவிடலாமே எனத் தோன்றும். இங்கேதான் ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் சொல்லும் பாடம் உதவுகிறது. மீட்டர் அளவுகோலால் தலைமயிரின் தடிமனை அளக்க முயலும் மாணவரை நாம் தடுப்போம். கருவியின் மீச்சிற்றளவே அளக்க வேண்டிய பொருளை விடப் பெரிதாயிற்றே!

கணக்காகப் பார்ப்போம். 1000 பேரிடம் வினாத்தாள் கொடுக்கிறோம் என்க. அவர்களில் 50 பேர் கேள்வியைப் படிக்காமலே ஏதோ ஒரு கட்டத்தில் குறியிடுகிறார்கள். கூலிக்காகவோ அவசரத்திலோ நிரப்புவோர் எந்த ஆய்விலும் உண்டு. அந்த 50 பேரில் பாதி, அதாவது 25 பேர், ‘ஆம்’ என்று குறித்துவிடுவார்கள். மீதி 950 பேரும் கவனமாக விடையளிக்கிறார்கள். கேட்ட பொருளை உண்மையில் ஆதரிப்பவர் 60 விழுக்காடு என்றால், 570-உடன் 25 சேர்ந்து 595 ஆகும். நாம் காண்பது 59.5 விழுக்காடு. பிழை அற்பம். ஆனால் உண்மையில் ஆதரிப்பவர் 2 விழுக்காடு மட்டுமே என்று கொள்ளுங்கள். 19 பேருடன் அதே 25 சேர்ந்து 44 ஆகும், காண்பது 4.4 விழுக்காடு. இரண்டு மடங்குக்கு மேல்! அரிய ஒன்றை அளக்கும்போது, கவனக்குறைவு எப்போதும் ஒரே திசையில், மேல்நோக்கியே தள்ளுகிறது.

மேலும், ‘வன்முறை’ என்னும் சொல்லை வரையறுக்காமல் விட்டால் ஒருவர் கல்லெறிதலை நினைப்பார், ஒருவர் கொலையை நினைப்பார். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, கவனித்துப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்து, குறிப்பிட்ட ஒரு குற்றச் செயலை விவரித்துக் கேட்டது. முந்தைய கணிப்புகள் வன்முறை ஆதரவை மிகைப்படுத்தியே காட்டின என்பது அதன் முடிவு. கவனத்துடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர், குற்றம் செய்தவன் தம் கட்சிக்காரனாக இருந்தாலும் அவன் மீது வழக்குத் தொடர வேண்டும் என்றே கூறினர்.

வெறும் எண் பிழைதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பாதரச வெப்பமானி தவறாகக் காட்டினால் நீர் சூடேறுவதில்லை. சமுதாய வெப்பமானி தவறாகக் காட்டினால், அதைச் செய்தித்தாளில் படிப்பவர் சூடேறுகிறார்! ‘அவர்களில் இத்தனை பேர் நம்மைத் தாக்க ஆயத்தமாக இருக்கிறார்கள்’ என்று நம்புபவர், தாமும் ஆயத்தமாக வேண்டும் என்று எண்ணுவார். இதுவும் சோதித்து அறியப்பட்டதே. இரு கட்சியினரும் மறு கட்சியினரின் வன்முறை விருப்பத்தைப் பல மடங்கு மிகையாக மதிப்பிட்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மை அளவு இதுதான் என்று சில வரிகளில் சொன்னார்கள், வேறொன்றும் செய்யவில்லை. அவர்களின் சொந்த வன்முறை ஆதரவு குறைந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பயன் மறைந்துவிடவில்லை.

அடுத்த வகுப்பில் மாக்ஸ்வெல் பரவலின் படத்தைக் கரும்பலகையில் மீண்டும் வரைந்து, நான் சொன்னது எங்கே பொருந்தாமற் போயிற்று என்று விளக்கினேன். முதலில் கேள்வி கேட்ட அதே மாணவர், “அப்படியானால் அஞ்சத் தேவையில்லையா, சார்?” என்றார்.

தேவை உண்டு. அமெரிக்காவில் வயது வந்தோர் ஏறத்தாழ 26 கோடி. நூற்றுக்கு ஒருவர் என்றாலும் 26 லட்சம். ஓக்லஹோமாவில் 168 உயிர்களைப் பறித்த வெடிகுண்டைச் செய்ய இருவர் போதுமாயிருந்தது. மறு பக்கத்தையும் பாருங்கள். அந்த இருவரைப் போன்றோரை முன்கூட்டியே கண்டறிய, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் ஒரு கருவியை நாம் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 26 கோடிப் பேரையும் அதில் சோதித்தால், குற்றமற்ற 26 லட்சம் பேரை அது குற்றவாளி என்று காட்டும். அரிய நோய்க்கான சோதனைகளில் மருத்துவர்கள் சந்திக்கும் அதே இடர்தான் இது. கருவியைக் கொண்டு கூட்டத்தைச் சலிக்க முடியாது.

எனவே காவல் துறையினர் மிரட்டல்களிலிருந்து தொடங்குகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் காவல் துறை ஆராய்ந்த மிரட்டல்களும் ஐயத்துக்குரிய பேச்சுகளும் 2017-இல் 3,939. 2021-இல் 9,625. 2024-இல் 9,474. அவற்றில் பெரும்பாலானவை வெறும் கோபம்; சில அப்படியல்ல. எது எது என்று தெரிய, ஒவ்வொன்றையும் யாரேனும் ஒருவர் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.